இடது பெஞ்சு

இடது பெஞ்சில் இருப்பவர் எதிரே இருப்பவர் எதைச் சொன்னாலும் ‘ஐ அக்ரீ’ என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

வலது பெஞ்சில் இருப்பவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

செங்கம் சாலையில் ஒரு மாடியில் நடக்கும் மாலை ஆங்கில வகுப்பில், பரசுராமன் சாரின் இன்றைய பயிற்சி இது. இங்கே எல்லோரும் மேடம், சார்தான். உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது.

பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டேன். ஒருவர் கருத்தோடு ஒத்துப்போனால் ‘அக்ரீ வித்’. யோசனைக்குச் சம்மதித்தால் ‘டூ’. கூடிப் பேசி முடிவெடுத்தால் ‘ஆன்’. இரண்டு முறை அடிக்கோடிட்டேன். அப்படியும் சந்தேகம்.

எதிரே தங்கம்மாள் மேடம். ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு இட்லி விற்பவர். எதற்கும் லேசில் தலையாட்டாதவர். சார் பயிற்சியைச் சொன்னதும், வலது பெஞ்சில் என் பக்கத்திலிருந்து எழுந்து இடது பெஞ்சுக்குப் போயிருந்தார்.

திருவண்ணாமலையில் வெயில் கம்மி என்றேன், ஆங்கிலத்தில்.

பல்லைக் கடித்துக்கொண்டு, “ஐ அக்ரீ.”

கிரிவலப் பாதை மூன்றே கிலோமீட்டர்.

அதற்கும் அக்ரீ.

நான் வைக்கும் ரசம் ஊரிலேயே சிறந்தது.

கண்ணை மூடிக்கொண்டார். அக்ரீ வரக் கொஞ்சம் நேரமானது.

அடுத்த வாக்கியம் மூன்று வாரமாக நோட்டில் கிடக்கிறது. வீட்டில் சொல்ல வேண்டியது. தமிழில் சொல்ல வாய் வராமல் ஆங்கிலத்தில் எழுதி வைத்தது. கெஸ்ட் ஹவுஸில் நாளைக் காலைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு ரிசப்ஷனில் வேலை கிடைத்திருக்கிறது. போகப் போகிறேன்.

தங்கம்மாள் மேடம் என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

“ஐ அக்ரீ.”

மணி அடித்தது.

இது பயிற்சியா, பதிலா? பலகையில் அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கீழே வந்து ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தினேன். வகுப்பு விதி மாடிப்படியோடு சரி.

“ஏறுங்க அத்தை.”

என் மாமியார் பின்னால் உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். வண்டி கிளம்பியதும் என் காதருகே சாய்ந்தார்.

“மூணு வாரமா நோட்ட டிவி மேலயே வெச்சிட்டுப் போற. எனக்கும் இங்கிலீஷ் படிக்க வருது இல்ல? வேலைக்குச் சொன்னது சொன்னதுதான், இனியா. அந்த ரசத்துக்குச் சொன்னத மட்டும் வாபஸ் வாங்கிக்கறேன்.”