கடலுக்கு எட்டாத குழாய்

கடலோர அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வெயிலில் அடுப்பாய்த் தகித்தது. கடல்நீரின் குளிர்ச்சியைக் குழாய் வழியே அங்கே கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். குழாயும் வந்தது. ஆனால் கடலுக்கு எட்டாமல் மணலிலேயே வாயைப் பிளந்து நின்றுவிட்டது.

எத்தனை தரம் ஓடி வந்தாலும் அதைத் தொட முடியாத அலைக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏன்டா தம்பி, இன்னும் கொஞ்சம் நீண்டு வந்தா என்ன? உள்ளே பச்சப்பிள்ளைங்க உடம்பெல்லாம் வேர்க்குரு."

"நான் என்னக்கா பண்ணுவேன்? மீதிக் குழாய்க்கு வெச்ச பணம் திறப்பு விழாப் பந்தலுக்கும் அந்தக் கல்வெட்டுக்கும் போயிடுச்சு," என்றது குழாய்.

வாசலில் நின்ற கல்வெட்டு மிடுக்காகச் சொன்னது: "விழா இல்லாம வேலை நடக்குமா? என் மேல எத்தனை பேரு பொறிச்சிருக்கு, பார்த்தியா?"

"பேரே வைக்காத பிள்ளைங்க உள்ளே துவளுது. உனக்கு மட்டும் இத்தனை பேரா?" என்றது அலை.

உச்சி வெயில் ஏறியது. சுட்டுப் பழுத்த கல்வெட்டு, "அலையம்மா, எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சி குடேன்," என்று கெஞ்சியது.

அலை வார்டு ஜன்னலைக் காட்டியது. அங்கே ஒரு தாய், திறப்பு விழா அழைப்பிதழின் கெட்டி அட்டையால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"அதைப் போய்க் கேளு. உங்க திட்டத்துல இதுவரைக்கும் காத்து குடுத்தது அது ஒண்ணுதான்."