லாரி நிறைய நிக்குது

ஆண்டிஸ் மலை வளைவுகளில் கார் ஏற ஏற, நெல்டாவுக்கு மூச்சு முட்டியது. எல்லையைத் தாண்டினால் அர்ஜென்டினா. மெந்தோசாவில் மாமியார் வீடு. இனி நிரந்தரமாக அங்கேதான் என்று கணவன் ரமிரோ தானே முடிவு செய்துவிட்டான். பனி விழுந்தால் பாதையையும் மூடிவிடுவார்கள்.

எல்லைச் சோதனைச் சாவடி வரிசையில் கார் நின்றதும், "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

"பிடிக்கலைன்னா இறங்கிக்க. லாரி நிறைய நிக்குது, எதையாவது கைகாட்டி ஏறிப் போ."

ஒவ்வொரு சண்டையிலும் இறங்கிக்கொள்ளச் சொல்வான். அவளும் ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவர்கள் முறை வந்ததும் சுங்க அதிகாரி குனிந்து பார்த்தார். "கார் யார் பேர்ல?"

"இவ பேர்லதான்." ரமிரோ கண்ணடித்தான். "என் மொதப் பொண்டாட்டி கேஸ் போட்டுப் பிடுங்கிடக் கூடாதில்ல?"

அதிகாரி சிரிக்கவில்லை. "யார் பேர்ல இருக்கோ அவங்க கூட வந்தாத்தான் வண்டி நாட்டை விட்டுப் போகலாம். மேடம், நீங்களும் போறீங்கல்ல?"

நெல்டா கதவைத் திறந்து இறங்கினாள். காரைச் சுற்றிக்கொண்டு ரமிரோவின் பக்கம் வந்து கையை நீட்டினாள்.

"சாவி."

"விளையாடாத நெல்டா. நான் எப்படி அம்மா வீட்டுக்குப் போறது?"

அவள் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"லாரி நிறைய நிக்குது."