ஏற்றத்தில் மட்டும்

பாதி மேட்டில் வண்டி மறுபடியும் திக்கியது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வேர்னா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பின்னால் கட்டி இழுத்து வந்த தகர டிரெய்லர் வீட்டுக்குள் பாத்திரங்கள் உருண்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் டெல்பர்ட், திட்டு தனக்கா வண்டிக்கா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று மன்னிப்புக் கேட்டுவைத்தான்.

அவள் அவனை வீட்டைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். பிக்கப் வண்டிதான் ஒத்துழைக்கவில்லை.

டிரெய்லரில் அவன் துணிமணி, தூண்டில்கள், டிவி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மலையேறி இறங்கி ஆற்றைத் தாண்டினால் ஒஹையோ மாநிலம். அங்கே தன் வீட்டுக் கொல்லையில் டிரெய்லரை நிறுத்திக்கொள்ளலாம் என்று அவன் தம்பி சொல்லியிருந்தான். தம்பி மனைவி அப்படி எதுவும் சொல்லவில்லை.

மர அறுவை ஆலை வேலையை டெல்பர்ட் வசந்தகாலத்திலேயே விட்டுவிட்டான். வேர்னாவிடம் மூச்சுவிடவில்லை. தினமும் காலையில் அவள் கொடுத்த சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், சாயங்காலம் களைத்துப்போன முகத்தோடு திரும்பி வந்தான். கோடைகாலம் முழுக்க. மளிகைக்கடையில் ஆலை மேஸ்திரியின் மனைவி, டெல்பர்ட் இப்போது எங்கே வேலை பார்க்கிறான் என்று அக்கறையாக விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

வேலையை விட்டதுகூட வேர்னாவுக்குப் பெரிதில்லை. அத்தனை நாளும் இருட்டோடு எழுந்து சாண்ட்விச் செய்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ரொட்டி ஊறிவிடக் கூடாதென்று தக்காளியைத் தனியாக வேறு சுற்றி வைத்திருந்தாள்.

அந்தப் பகுதியின் பள்ளிப் பேருந்துகளுக்கெல்லாம் அவள்தான் மெக்கானிக். டெல்பர்ட்டுக்கு வண்டியில் தெரிந்தது ஹாரன் ஒன்றுதான். அதனால் அவனைத் துரத்துவதற்கான ரிப்பேரையும் அவளே பார்க்க வேண்டியிருந்தது.

நின்ற இடத்தில் என்ஜின் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. சமதரையிலும் அப்படியே. டிரெய்லரைக் கட்டி மேட்டில் ஏற்றினால் மட்டும் குலுங்கி, இருமி, இதோ போகிறேன் என்று பயமுறுத்தியது.

காலையிலிருந்து அவள் சும்மா இருக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாள். வயர்களை மாற்றினாள். ஏர் ஃபில்டருக்குள் ஓர் எலிக் குடும்பம் இருந்தது. இன்றைக்கு எல்லாரையும் காலி பண்ணுகிற நாள் என்று சொல்லி அதையும் வெளியேற்றினாள். பெட்ரோல் ஃபில்டரையும் புதிதாகப் போட்டாள். டெல்பர்ட் கூடவே நின்று, கேட்ட ஸ்பேனரைத் தவிர மற்ற எல்லா ஸ்பேனரையும் எடுத்துக் கொடுத்தான்.

இப்போது வண்டி நின்றுவிடும்போல் இருந்தது.

“அதுக்கும் வயசாயிடுச்சுல்ல வேர்னா. கொஞ்சம் பாத்துத்தான் விரட்டணும்” என்றான் டெல்பர்ட்.

“மொதல்ல வண்டியப் பாத்துக்கறேன். உன் வயசப் பத்தி உன் தம்பி பொண்டாட்டிகிட்ட சொல்லு.”

அவள் சோக்கைப் பாதி இழுத்தாள். காற்று குறைந்ததும் என்ஜினுக்கு உயிர் வந்தது. கொஞ்ச தூரம் ஒழுங்காக இழுத்தது.

பெட்ரோல் போதவில்லை, அவ்வளவுதான் என்றாள். டாங்க் நிறைய இருக்கிறதே என்றான் அவன், சற்று வேகமாக. டாங்கில் இருந்து என்ன பயன், என்ஜினுக்கு வரவில்லையே என்றாள்.

வண்டி திருப்புகிற இடத்தில் ஓரம்கட்டி, சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு, அட்டையை விரித்து அடியில் மல்லாந்து நுழைந்தாள். என்ஜினில் தொடங்கி பெட்ரோல் லைனைக் கையால் தடவிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.

டெல்பர்ட்டின் பூட்ஸ் இங்குமங்கும் நடந்தது. பசிக்கிறதா என்று கேட்டான். மழை வரும்போல் இருக்கிறது என்றான். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

பின் ஆக்சிலுக்கு மேலே, ரப்பர் ஹோஸ் வளைகிற இடத்தில், அவள் விரலில் ஏதோ தட்டியது. டார்ச் அடித்தாள்.

கையால் திருகி இறுக்குகிற சின்ன கிளாம்ப். புத்தம் புதிது. ஹோஸைக் கவ்விக்கொண்டிருந்தது. ஹோஸ் அறுபட்டுவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் தோல் துண்டு வைத்திருந்தது. மஞ்சள் தோல். ஆலையில் மரம் தூக்க டெல்பர்ட் போட்டுக்கொள்ளும் கையுறையிலிருந்து வெட்டியது.

சும்மா ஓடினால் வருகிற பெட்ரோல் போதும், பாரம் இழுத்தால் போதாது. அந்த அளவுக்குத்தான் இறுக்கியிருந்தான். அவள் ஷெட்டில் வேலை செய்கிற ஆட்களுக்கே இது சுலபத்தில் வராது.

தினமும் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எந்தப் பேருந்து எங்கே திணறியது, ஏன் திணறியது என்று அவள் பேசிக்கொண்டே இருப்பாள். எதிரே அவன் சோள ரொட்டியை மென்றுகொண்டிருப்பான். இத்தனை வருஷமும் சுவரோடு பேசுவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

பூட்ஸ் நின்றுவிட்டது.

“என்னவாம்?” என்று கேட்டான்.

சாண்ட்விச் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் சிரிப்பும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“பம்ப் போயிடுச்சு. இந்த மாடலுக்கு எங்கயாவது தேடித்தான் வாங்கணும். அது கெடைக்கற வரைக்கும் டிரெய்லர் நம்ம கொல்லையில நிக்கட்டும். நீயும் அதுலயே படுத்துக்க.”

சரி என்றான்.

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க இறக்கம்தான். வேர்னா கிளாம்ப்பை இன்னும் அரைச் சுற்று இறுக்கிவிட்டு வெளியே வந்தாள்.