அப்பா கப்பல், அம்மா கப்பல்

"எங்க கப்பல் யாருக்கும் அம்மாவா இருக்காது. அந்த ஆள்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க, நினெல் மார்க்கோவ்னா."

தலைமைப் பொறியாளர் சாவா இக்னாத்தியேவிச் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தேநீர்க் கிளாஸ்கள் கரண்டிகளோடு சேர்ந்து துள்ளி அடங்கின.

மாஸ்கோவில் மூன்றாவது நாளாக இதே சண்டை.

சோவியத் கப்பல் ஒன்றும் அமெரிக்கக் கப்பல் ஒன்றும் விண்வெளியில் இணைய வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கைகுலுக்க வேண்டும். உலகம் கைதட்ட வேண்டும். இவ்வளவுக்கும் இரண்டு தரப்பும் சம்மதித்தாகிவிட்டது. ஆனால் இணைவதென்றால் ஒரு கப்பலின் மூக்கில் ஒரு தடி இருக்க வேண்டும். மற்றதன் மூக்கில் அது நுழைய ஒரு புனல் இருக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் தடியை அப்பா என்பார்கள். புனலை அம்மா என்பார்கள்.

இரண்டு வல்லரசுகளில் அம்மாவாக இருக்க ஒருவரும் தயாராக இல்லை.

நினெல் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பாளர். இருபது வருடமாக ஆங்கிலம் பேசுகிறாள். ஆங்கிலம் பேசுகிற ஒரு தெருவில்கூட நடந்ததில்லை. அடுத்த மாதம் ஹூஸ்டன் போகிற குழுவில் முதல்முறையாக அவள் பெயர் இருந்தது. பேச்சு முறிந்தால் அந்தப் பட்டியல் குப்பைக்கூடைக்குத்தான் போகும்.

முறியாமல் இருக்க அவளால் செய்யக்கூடியதும் எதுவுமில்லை. ஜன்னலோரம் தோழர் குலிகின் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவள் வார்த்தை பிசகாமல் மொழிபெயர்க்கிறாளா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. போன வசந்தத்தில் ஒரே ஒரு அடைமொழியை விழுங்கிய சக மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி இப்போது டிராக்டர் கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் அப்படியே சொன்னாள்.

எதிரே இருந்த அமெரிக்கப் பொறியாளர் லெஸ்டர் ஹாப்ட், சூயிங்கம்மை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"நிலாவுல கால் வச்சவங்க நாங்க. நாங்க எதுக்குங்க அம்மாவா இருக்கணும்?"

"வானத்துக்கு முதல்ல ஆள் அனுப்புனது யாரு? நாங்க. இவங்க எங்க பின்னாடி வந்தவங்கதானே?" என்றார் சாவா இக்னாத்தியேவிச்.

அதையும் சொன்னாள்.

லெஸ்டர் மெல்லுவதை நிறுத்தினார். ஆங்கிலத்தில் மெதுவாக ஐந்தே ஐந்து வார்த்தை சொன்னார்.

"மேல போனாங்க சரி, எங்கயாவது சேர்ந்தாங்களா?"

சாவா இக்னாத்தியேவிச்சின் கழுத்து ஏற்கெனவே பீட்ரூட் நிறத்தில் இருந்தது. கையிலிருந்த பென்சில் பாதியாக ஒடிந்திருந்தது. இது காதில் விழுந்தால் மனிதர் எழுந்து போய்விடுவார். போகும்போது மேசையையும் தூக்கிக்கொண்டு போவார்.

நினெல் வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

வந்தது அவள் வீட்டுச் சமையலறை. அவளுக்கு வேலையிருக்கிற நாளில் கணவன் கஞ்சி காய்ச்சுவான். அவனுக்கு வேலையிருக்கிற நாளில் அவள் பனியில் கார் தள்ளுவாள். குழந்தைக்கு இரண்டு பேருமே அப்பாவாகவும் அம்மாவாகவும் இருந்தார்கள்.

"ஹாப்ட் என்ன கேக்குறார்னா, ஒண்ணு அப்பா, ஒண்ணு அம்மான்னு எதுக்குப் பிரிக்கணும்? ரெண்டு மூக்கையும் ஒரே மாதிரி செஞ்சிடலாமே. தேவைப்படுறப்போ யார் வேணும்னாலும் நீட்டலாம், யார் வேணும்னாலும் வாங்கிக்கலாம். உங்களை மாதிரி பெரிய பொறியாளருக்கு இது ஒரு விஷயமான்னு கேக்குறார்."

குலிகினின் பேனா மட்டும் சரசரவென்று ஓடியது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு டிராக்டர் ஒன்று கிளம்புவது கேட்டது.

சாவா இக்னாத்தியேவிச் அரைப் பென்சிலை எடுத்தார். ஒரு வளையம் வரைந்தார். அதைச் சுற்றி மூன்று இதழ்கள். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு வளையம். ஒன்றை ஒன்று கவ்வுவதுபோல் அம்புக்குறி போட்டார்.

"இவன் இவ்வளவு புத்திசாலியா?" என்று முணுமுணுத்தார்.

நினெல் லெஸ்டர் பக்கம் திரும்பினாள். ஏறியாகிவிட்டது, இனி நடுவில் இறங்க முடியாது.

"சாவா இக்னாத்தியேவிச்சுக்கு ஒரு யோசனை தோணியிருக்கு. உங்ககிட்ட காட்ட ரொம்பக் கூச்சப்படுறார்," என்றாள் ஆங்கிலத்தில்.

லெஸ்டர் படத்தைப் பார்த்தார். சூயிங்கம்மை வாயிலிருந்து எடுத்து, சாஸரில் ஒட்டிவைத்துவிட்டு எழுந்து நின்றார்.

பிறகு இரண்டு ஆண்களும் கால்மணி நேரம் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. உங்கள் பெருந்தன்மை என்று இவர் அவரைப் பாராட்டினார். உங்கள் பெருந்தன்மை என்று அவர் இவரைப் பாராட்டினார். நினெல் எல்லாவற்றையும் 'நன்றி' என்றே மொழிபெயர்த்தாள்.

தாழ்வாரத்தில் குலிகின் அவளை நிறுத்தினார்.

"இன்னிக்கு நீங்க செஞ்சது சரியில்லைம்மா."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அந்த ஆள் அஞ்சு வார்த்தை சொன்னான். நீங்க ஒரு பக்கத்துக்குச் சொன்னீங்க."

"தோழர் குலிகின், நான் வந்து…"

அவர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இவ்வளவு வேகமா சொன்னா நான் எழுத வேண்டாமா? மூணு வருஷமா நீங்க சொல்றதை வச்சுத்தான் என் பிழைப்பு ஓடுது. எனக்கு எங்க தெரியும் இங்கிலீஷு? பாருங்க, பாதியிலேயே நிக்குது."

நோட்டுப் புத்தகத்தை விரித்து, பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, பள்ளிப்பிள்ளைபோல நின்றார்.

நினெல் மூச்சை இழுத்துவிட்டாள். அவர் கை ஓடுகிற வேகம் பார்த்து, நிறுத்தி நிறுத்தி முதலிலிருந்து சொன்னாள்.

இந்தத் தடவை ஹாப்ட் இன்னும் கொஞ்சம் பணிவாகவே பேசினார்.