டிரெயிலருக்கு வைத்த பலகை

டிராக்டர் ரிப்பேருக்குப் போனதிலிருந்து தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிரெயிலர் ஈர மண்ணிலேயே நின்றது. காய்ச்சலிலிருந்து எழுந்த டிரைவர் செபமாலைக்கு அதைப் பார்த்ததும் மனம் பொறுக்கவில்லை.

“ஜோசப்பின், கட்டிலுக்கடியில கெடக்குற பலகைய எடு. டயருக்குக் கீழ போடணும்.”

மனைவியின் முகம் வெளுத்தது. “அது கஸ்பரு கட்டில் செய்ய வாங்குனதுங்க. தொடாதீங்க.”

“கட்டிலு பொறவு செய்யலாம். மண்ணுல ஊறி டயரு வெடிப்பு விட்டுட்டா என்ன செய்யிறது?”

மகன் கஸ்பர் பலகைகளைச் சுமந்து வந்தான். டிரெயிலரை ஜாக்கியில் தூக்கி, ஒவ்வொன்றாகச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினார்கள். கடைசிப் பலகையைக் கஸ்பர் அவசரமாகக் கவிழ்த்துப் போட்டான்.

செபமாலை அதைத் திருப்பினார். கரிக்கோடு ஒன்று தெரிந்தது. போன மாதம் அவர் கண் திறக்காமல் கிடக்க, சாகக் கிடப்பவருக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைச் சாமியார் பூசிவிட்டுப் போன அன்று, சவப்பெட்டிக்காக ஆசாரி அவரை அளந்து போட்ட கோடு.

கஸ்பர் விசும்பினான்.

“கண்ணுதான்டா மூடியிருந்துச்சு. அளவு நூலு கால்ல பட்டது எனக்குத் தெரிஞ்சிச்சு,” என்றார் செபமாலை. “அழாத. ஜாக்கிய எறக்கு.”