ஊமையான டமாரம்

நாயின் சோற்றுத் தட்டைப் பட்டறைக்காரர் கேட்டுக்கு வெளியே விட்டெறிந்தார். "குலைக்காத நாய்க்கு இந்த வீட்டுல என்ன சோறு?"

மாலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள், ஒரு செருப்பைப் போட்டபடியே நின்றாள். பிறகு தெருவில் இறங்கித் தட்டைப் பொறுக்கி வந்து, மாமனாரின் கண் முன்னாலேயே கழுவி வைத்தாள். அந்தத் திமிர்தான் அவருக்கு ஆகவே ஆகாது.

நாய்க்கு டமாரம் என்று பேர் வைத்தவரே அவர்தான். தெருமுனையில் இலை விழுந்தால் இங்கே எகிறிக் குதித்த நாய் அது. அதைக் கெடுத்தது அந்தப் பாழாய்ப்போன வகுப்புதான் என்பது அவர் கட்சி.

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி என்று கற்றுத்தரும் வகுப்பு. ஆபீஸ் முடிந்ததும் மருமகள் அங்கே போய்ப் படித்தாள். படித்ததை வீட்டில் டமாரத்திடம் ஒப்பித்தாள். உட்காரு, நில்லு, சும்மா இரு. மூன்றாவது பாடத்தை மட்டும் நாய் நன்றாகவே படித்துவிட்டது என்று பட்டறைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் பட்டப்பகலில் எவனோ உள்ளே வந்து அவருடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டான். முன்னறையில் அவர் முழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். டமாரம் வாசல் மரத்தடியில்தான் கட்டிக் கிடந்தது.

கண்டிப்பாகக் குரைத்திருக்கும் என்று மருமகள் சாதித்தாள். வேண்டுமென்றே அவள் படிப்பின்மேல் பழி போடுகிறார் என்று மகனும் சேர்ந்து எகிறினான்.

இந்த வீட்டில் இப்போதெல்லாம் அவரிடம் யாரும் ஒழுங்காகப் பேசுவதில்லை. ஒன்று, வாய்க்குள்ளேயே முணுமுணுப்பு. இல்லாவிட்டால், மூஞ்சியில் அடித்தாற்போல் கத்தல். காலமெல்லாம் தகரம் தட்டிச் சம்பாதித்துப் போட்டவனுக்கு இதுதான் மரியாதை.

சைக்கிள் போன அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். ஊருக்கு வெளியே மரக்கடை வைத்திருந்த சிநேகிதரிடம், ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்பி நாயைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்.

மருமகளுக்கு அடுத்த மாதம் தேர்வு. சொந்த நாயோடு போனால்தான் உள்ளேயே விடுவார்கள். பாஸானால் ஆபீஸுக்குக் கும்பிடு போட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்வதாக இருந்தாள். எல்லாம் தெரிந்துதான் அவர் வண்டிக்குச் சொன்னார்.

அவள் கெஞ்சவில்லை. நேராக வந்து நின்று பந்தயம் கேட்டாள்.

"வண்டிக்காரரை டமாரம் பார்த்ததே இல்ல. அவர் வரும்போது குலைக்கலேன்னா கூட்டிக்கிட்டுப் போகட்டும். வகுப்பையும் நான் நிறுத்திடறேன்." ஒவ்வொரு வார்த்தையையும் அவர் முகத்துக்கு நேரே கத்தினாள். "குலைச்சா?"

"குலைச்சா, அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார்.

ஞாயிறு காலை வண்டி வந்து நின்றது. பட்டறைக்காரர் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகனும் மருமகளும் மரத்தடியில் நாய்க்குப் பக்கத்தில் நின்றார்கள்.

வண்டிக்காரர் கேட்டைத் தள்ளினார். டமாரம் எழுந்து சங்கிலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பியது. வாயைத் திறந்தது, மூடியது. மறுபடியும் திறந்தது.

"காலங்காத்தால கொட்டாவி" என்றார் பட்டறைக்காரர். "துரைக்கு இன்னும் தூக்கம் தெளியல."

வண்டிக்காரர் கேட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். உதடு மட்டும் அசைந்தது. இவனும் முணுமுணுப்புக்காரன்தானா என்று நினைத்துக்கொண்டு, பயப்படாமல் உள்ளே வரும்படி பட்டறைக்காரர் கூப்பிட்டுப் பார்த்தார். அது ஊமை நாய், கடிக்கக்கூடத் தெரியாது என்றும் சொன்னார். ஆள் ஒரு அடி பின்னால்தான் போனார்.

ஜெயித்த முகத்தோடு மகனைப் பார்த்தார். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான். அப்பன் பேச்சைக் காதில் வாங்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"நல்லாப் பொத்திக்கோ. பொண்டாட்டி பேசினா மட்டும் எடுத்துக்கோ" என்றார்.

மகன் கையை மெல்ல இறக்கினான். திரும்பி மனைவியைப் பார்த்தான்.

அவள் நாயைப் பார்க்கவில்லை, வண்டிக்காரரையும் பார்க்கவில்லை. மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக அந்த முகத்தில் இருந்த வீம்பு எங்கேயோ போயிருந்தது. தோற்றுப்போனால் முகம் அப்படித்தான் ஆகும் என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"பார்த்துக்கிட்டு நின்னா எப்படி? சங்கிலியை அவுத்துக் குடு. அவரை எவ்வளவு நேரம் நிக்க வைப்பே?"

அவள் படியேறி வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் விரல்கூடப் படாமல் ஒதுங்கிப் போகிறவள், அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். அவள் விடவில்லை. மரத்தடிக்குக் கூட்டிப்போய், அவருடைய உள்ளங்கையை டமாரத்தின் தொண்டையில் வைத்து அழுத்தினாள்.

ஓடுகிற மோட்டாரைத் தொட்டதுபோல் கை அதிர்ந்தது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

அவள் அவருடைய முகத்துக்கு நேராக வந்து நின்று, நிதானமாகச் சொன்னாள்.

"இன்னும் குலைச்சுக்கிட்டேதான் இருக்கு, மாமா."