ஏறாத உச்சிக்கல்

காரின் பின்பக்கத்திலிருந்து கல்லைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினொரு வருடத்துக்கு முன் இதே கல்லை ஒரே மூச்சில் தூக்கியவன் நான். கோபத்துக்கு அவ்வளவு பலம்.

மாமா, மாமியின் கல்லறையில் நிற்கும் நாற்பக்கத் தூணின் உச்சிக்கல் அது. நாலு பக்கமும் சரிந்து கூராக முடியும் சின்னப் பிரமிட்.

தூண் நிறுத்திய அன்று, இந்தக் கல்லை ஏற்றச் சாந்து குழைக்கும் நேரத்தில்தான் பெயர்களைப் படித்தேன். பட்டியலில் பிள்ளைகள் இருந்தார்கள். மருமகள் ஜெயனி இருந்தாள். மருமகன் நான் இல்லை.

பொறுப்பாக நின்று செய்வித்தவர் மனைவியின் அண்ணன், என் மச்சான். மறந்துபோனேன் என்றார். அவர்கள் கிறிஸ்தவர்கள்; நான் சைவக்காரன் என்றுதான் விட்டார் என முடிவுகட்டினேன்.

“என்ர பேர் ஏறின பிறகுதான் இது ஏறும்!” என்று கத்திவிட்டு, கல்லைத் தூக்கிக் காரில் போட்டேன்.

அன்றிலிருந்து அது ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக் கராஜ் கதவுக்கு முட்டுக்கொடுத்தது. பனி அள்ளும் சவள் பட்டு நுனி உடைந்தது. மச்சான் இரண்டு தடவை போன் எடுத்தார். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன்.

மனைவி கிறேஸ் மட்டும் ஒவ்வொரு நவம்பரும் மெழுகுதிரியோடு தனியே பஸ்ஸில் கல்லறைக்குப் போய்வருவாள். வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன்.

போன மாதம் இறந்த மச்சானையும் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். காய்ச்சல் என்று சொல்லி அதற்கும் நான் வரவில்லை.

இன்று முப்பத்தோராம் நாள். சேர்ச்சில் பூசை முடிந்து நேரே வந்தோம். அவருடைய பெயரைத் தூணில் மாமா, மாமியின் பெயர்களுக்குக் கீழே வெட்ட ஆள் வந்திருந்தான். அதற்கு முன் கல்லை ஏற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பதற்றம். என் பெயர் இல்லாவிட்டால் போகட்டும். இதை அவர் இருக்கும்போதே நினைத்திருக்கலாம்.

கல்லை நெஞ்சோடு அணைத்தபடி தூணடிக்குப் போனேன்.

ஜெயனிக்குக் கீழே, மருமகன் ஞானேந்திரன்.

எழுத்துகளுக்குள் பாசி பிடித்திருந்தது.

“அடுத்த மாசமே அண்ணா வெட்டுவிச்சவர்,” என்றாள் கிறேஸ். “அவற்ற பேரை வீட்டில எடுக்கக்கூடாது எண்டது நீங்கள்தானே.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கல்வெட்டுபவன் ஒரு தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தான். தமிழ் அவனுக்குத் தெரியாது. வெட்டப்போகும் பெயர் சரிதானா என்று வாசித்துச் சொல்ல வேண்டுமாம்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு மச்சானின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

“றெனோல்ட்.”